மூலப்பாறையும் மூலதனமும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்புக் கடற்கரையில் படகுகள் கரையேற்றப்பட்டுக் கிடந்தன. கடல் அமைதியாகவே இருந்தது. வலைகளும் பழுதின்றியே இருந்தன. மண்ணெண்ணெய்தான் கிடைக்கவில்லை. டொலர் வற்றிப்போன நாடு எண்ணெய்க் கப்பலுக்குப் பணங்கட்ட வழியின்றித் தத்தளித்தது. அந்தத் தத்தளிப்பின் முழுப் பாரத்தையும் எரிபொருள் நிலையங்களின் முன்னே வெறுங் கலன்களுடன் காத்துநின்ற ஏழை மீனவன் சுமந்தான். அந்த வரிசையிலே ஒரு வதந்தியும் நின்றது. "நம்முடைய கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறதாம். வெளிநாட்டுக் கம்பனி வந்து பார்த்துவிட்டும் போய்விட்டதாம். வாவிக்கு அடியிலும் இருக்கிறதாம்."

அந்த வதந்தியை நான் பழிக்கமாட்டேன். பசித்தவன் கனவிலே சோறு வருவது இயல்பு. ஆனால் பசித்தவனின் கனவுக்கு விலைச்சீட்டு ஒட்டி விற்பவர்களை மன்னிக்க இயலாது. மன்னார்ப் படுகையில் 26,700 கோடி டொலர் பெறுமதியான எண்ணெயும் வாயுவும் உள்ளன என்று அரசாங்கத் தரப்பிலிருந்தே அறிவிப்பு வந்தது. நாளேடுகள் அதைக் கொட்டை எழுத்துகளில் போட்டன. நாட்டின் கடனெல்லாம் தீர்ந்துவிடும் என்ற கணக்கும் பின்னாலேயே வந்தது. மன்னாருக்குச் சொன்னது கிழக்குக்கும் பொருந்தும் என்று எண்ணியவர்கள் பலர்.

மறுபுறம், நம்முடைய அணியிலேயே நிற்கும் நண்பர்கள் சிலர், "எண்ணெய் வந்தால் வாவி அழியும், ஆகவே அந்தப் பேச்சே வேண்டாம்" என்று கதவைச் சாத்துகிறார்கள். ஒரு சாரார் ஆசையை விற்கிறார்கள். மறு சாரார் அச்சத்தை வளர்க்கிறார்கள். முதலிற் கேட்கவேண்டிய கேள்வியை இருவரும் கேட்பதில்லை. எண்ணெயைப் பிறப்பிக்கக்கூடிய பாறை அங்கே இருக்கிறதா? இருந்தால் அது எத்தகையது? அதை அளந்தவர் யார்? அந்த அளவை யார் கையில் இருக்கிறது?

இந்த வினாக்களுக்கு விடை தேடாமல் நடத்தப்படும் எந்த விவாதமும் மக்களை ஏமாற்றும் விவாதமே.

வாவியின் அடியில்

முதலில் வாவியிலிருந்தே தொடங்குவோம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் அடியில் எண்ணெய் இல்லை. இதனை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லலாம். வாவியின் சேற்றையும் கரையோர மணலையும் அகற்றினால் தென்படுவது விஜயன் தொகுதியைச் சேர்ந்த உருமாறிய பாறை. குடும்பிமலையாக வெளியே எழுந்து நிற்பதும் அந்தப் பாறையே. சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்து, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறை அது. அத்தகைய சூளையிலே வெந்த பாறையில் எண்ணெய் தேடுவது, செங்கற் சூளைக்குள் பச்சிலை தேடுவது போன்றதாகும். இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய பாறையே. யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரையுள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லும் அதனைச் சார்ந்த அடையற்பாறைகளுமே பெரிய விலக்கு.

ஆகவே வாவிக்கு அடியில் எண்ணெய் என்பவன் ஒன்று அறியாதவன். அன்றேல் காணி விலையை ஏற்றப் பார்க்கிறவன்.

ஆயினும் கரையைவிட்டுக் கிழக்கே சென்றால் கதை மாறுகிறது. இலங்கை ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் நடுவே, இந்தியாவுக்கும் அண்டாட்டிக்காவுக்கும் இடையிற் கிடந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பெருநிலம் பிளந்தபோது, பிளவின் பள்ளங்களில் முதலில் ஏரிகளும் பின்னர் கடலும் புகுந்தன. அவற்றிலே சேறும் மணலும் அடுக்கடுக்காய்ப் படிந்தன. பின்னாளில் வங்காள விரிகுடாவுக்குக் கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்தின் மண்ணைக் கொண்டுவந்து கொட்டின. கிழக்குக் கரையில் கண்டமேடை ஒடுங்கியது. கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே கடற்றளம் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குச் சரிகிறது. எண்ணெய் பற்றிய பேச்சுக்கு ஏதேனும் ஆதாரம் உண்டென்றால், அது அந்த ஆழ்கடலின் அடியிலுள்ள அடையற் படைகளிலேயே இருக்கவேண்டும்.

பாறையிடம் கேட்கும் மூன்று வினாக்கள்

எண்ணெய் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிய நம் மாணவர்கள் வெளிநாடு செல்லவேண்டியதில்லை. வாவிக்கரைக் கண்டற்காட்டுக்குள் இறங்கிக் காலால் சேற்றைக் கிளறினால் போதும். கறுத்த சேறும் அழுகிய முட்டையின் வாடையும் எழும். விழுந்த இலையும் இறந்த உயிரும் முற்றாக உக்கிப்போகாமல், ஒட்சிசன் இல்லாத சேற்றிற் புதைந்து கிடப்பதன் அடையாளம் அது. மூலப்பாறையின் குழந்தைப் பருவம் அதுவே. அச்சேற்றின்மேல் மேலும் மேலும் மண் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்ந்து, இறுகிக் களிப்பாறையாகி, பூமியின் உட்சூட்டில் மெல்ல வெந்தால் எண்ணெயோ வாயுவோ பிறக்கலாம்.

'பிறக்கலாம்' என்ற சொல்லை அடிக்கோடிட்டு வாசியுங்கள். அந்தச் சொல்லுக்குள்தான் முழு விஞ்ஞானமும் அடங்கியிருக்கிறது. புவியியலாளர் மூலப்பாறையிடம் மூன்று வினாக்களைக் கேட்கிறார்.

முதலாவது, எவ்வளவு? பாறையின் நிறையில் சேதனக் காபன் எத்தனை வீதம்? அரை வீதத்துக்குக் குறைந்தால் அது ஏழைப் பாறை. இரண்டு வீதத்துக்கு மேற்பட்டால் வளமான பாறை.

இரண்டாவது, எத்தகையது? பாறையில் அடங்கிய திண்மச் சேதனப் பொருளுக்குக் கெரோஜென் என்று பெயர். ஏரி அல்காக்களிலிருந்து வந்தது முதல் வகை. கடலின் நுண்ணுயிர்களிலிருந்து வந்தது இரண்டாம் வகை. இவ்விரண்டும் ஐதரசன் மிகுந்தவை, எண்ணெய் தருபவை. தரைத் தாவரங்களின் மரத்தையும் இலையையும் கொண்டது மூன்றாம் வகை. அது பெரும்பாலும் வாயுவையே தரும். நம் கண்டற் சேறு ஒருநாள் பாறையானாலும் அதன் சுபாவம் ஏறக்குறைய அதுவே.

மூன்றாவது, எவ்வளவு வெந்தது? வேகாத சோறும் சோறன்று. கருகிய சோறும் சோறன்று. சுமார் 60 பாகை செல்சியஸ் முதல் 120 பாகை வரையான வெப்பத்திலே எண்ணெய் பிறக்கிறது. அதற்கு மேல் வெந்தால் வாயு மட்டுமே கிடைக்கும். இன்னும் வெந்தால் ஒன்றுமே மிஞ்சாது. பாறைக்குள் கிடக்கும் விற்றிறினைற்று என்னும் மரத்துகள் ஒளியை எவ்வளவு தெறிக்கிறது என்பதை நுணுக்குக்காட்டியில் அளந்து இதனை அறிகிறார்கள். 0.6 வீதம் முதல் 1.3 வீதம் வரை எண்ணெயின் எல்லை.

இம்மூன்றில் முதலாவது விடையை மட்டும் ஊருக்குச் சொல்லி மற்ற இரண்டையும் மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. 1970களில் பிரெஞ்சுப் பெற்றோலிய நிறுவனத்தில் உருவான முறையொன்று உண்டு. நூறு மில்லிகிராம் அளவான பாறைத்தூளைச் சிறு உலையிலிட்டு, 300 பாகையிலிருந்து படிப்படியாகச் சூடேற்றுவார்கள். ஏற்கெனவே பிறந்திருந்த எண்ணெய் முதலில் ஆவியாகும். பின்னர், இயற்கையில் இனிமேல் பிறக்கக்கூடியது உலையிலே அவசரமாகப் பிறக்கும். இந்த இரண்டாவது அளவை நூறால் பெருக்கிக் காபன் வீதத்தால் வகுத்தால் வருவது ஐதரசன் சுட்டி. இரண்டு பாறைகளைக் கற்பனை செய்யுங்கள். இரண்டிலும் காபன் 2 வீதம். ஒன்று கிராமுக்கு 12 மில்லிகிராம் தருகிறது. அதன் சுட்டி 600. மற்றது 2 மில்லிகிராம் தருகிறது; அதன் சுட்டி 100. முதலாவது எண்ணெய்ப் பாறை. இரண்டாவது கொஞ்சம் வாயு தரும் பாறை. 'வளமான பாறை, 2 வீதக் காபன்' என்று நாளேடு எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்!

மூன்று வினாக்களுக்கும் நல்ல விடை கிடைத்தாலும் பாதிவழியே கடந்தோம். பிறந்த எண்ணெய் நகர்ந்து சென்று தங்க நுண்டுளையுள்ள பாறை வேண்டும். அதன்மேல் ஒழுக்கில்லாத மூடுபாறை வேண்டும். எண்ணெய் நகர்வதற்கு முன்பே அந்தப் பொறி அமைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவனுக்குச் சொன்னாலும் விளங்கக்கூடிய இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் டொலர்க் கணக்கு முழுவதும் அறுந்துவிடும்.

அறிந்ததும் ஊகித்ததும்

இனி, இலங்கையிலே பாறை உண்மையில் என்ன சொன்னது என்று பார்ப்போம். 1970களின் முற்பகுதியில் சோவியத் நிபுணர்களின் துணையுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் தோண்டப்பட்டன. 1976இல் பாக்கு நீரிணைப் பக்கத்திலும் 1981இல் மன்னார் வளைகுடாவிலும் அமெரிக்கக் கம்பனிகள் தோண்டின. வணிகத்துக்குரிய எண்ணெய் எதிலும் கிடைக்கவில்லை. 2011இல் கெயின் கம்பனி மன்னார் ஆழ்கடலில் தோண்டிய டொராடோ, பராகுடா என்னும் இரு கிணறுகளில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. டொராடோவில் கடலாழம் 1,300 மீற்றருக்கு மேல். வாயுப் படை சுமார் 25 மீற்றர். இது மெய்யான கண்டுபிடிப்பு, இதை மறைக்கவேண்டியதில்லை. அப்படுகையில் வெந்த மூலப்பாறை உண்டு என்பதற்குப் பாறையே அளித்த சாட்சியம் அது.

ஆனால் கிடைத்தது பெரும்பாலும் வாயு. மேடைகளில் முழங்கியது எண்ணெய். 2015இல் அந்தக் கம்பனி வெளியேறிற்று. வாயு இன்னமும் கடலடியிலேயே கிடக்கிறது. கண்டுபிடித்தது வேறு, எடுத்தது வேறு, மக்களிடம் சேர்ந்தது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

கிழக்கின் நிலை இன்னும் வறியது. இலங்கையில் இதுவரை தோண்டப்பட்ட எண்ணெய்க் கிணறுகள் யாவும் மன்னார், காவேரிப் படுகைகளைச் சேர்ந்தவை. மட்டக்களப்புக் கடலின் அடியிலிருந்து மூலப்பாறையின் ஒரு கைப்பிடித் துண்டுகூட எந்த உலையிலும் ஏறவில்லை. 2016இல் கிழக்குக் கரைக்கு அப்பால் ஜே.எஸ்.5, ஜே.எஸ்.6 எனப் பெயரிட்ட சுமார் 50,000 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆராய டோட்டல் என்னும் பிரெஞ்சுக் கம்பனியுடன் உடன்பாடு செய்யப்பட்டது. இத்தகைய ஆய்வில் முதற்படி அதிர்வலை அளவீடு. கப்பலொன்று அமுக்கிய காற்றைக் கடலுக்குள் வெடித்து, கடலடியிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கிலோமீற்றர்க் கணக்கில் நீளும் வடத்தினால் பதிவு செய்யும். அது படைகளின் வடிவத்தைக் காட்டும். படையின் காபன் எத்தனை வீதம், கெரோஜென் எந்த வகை, அது எவ்வளவு வெந்தது என்பதை அது நேரே காட்டாது. அவற்றை அயலிலுள்ள படுகைகளை ஒப்பிட்டு ஊகிக்கிறார்கள்.

ஊகம் விஞ்ஞானத்துக்கு இழுக்கன்று. ஊகத்தை ஊகமென்று சொல்லும்வரை அது நேர்மையான கருவி. மூலப்பாறையைக் கண்ணாலும் காணாத கடலில் இத்தனை கோடி பீப்பாய் என்று எண்ணத் தொடங்கும் கணமே அது வாணிபமாகிறது. 'உள்ளாற்றல்' என்ற சொல்லை 'இருப்பு' என்ற சொல்லாக மாற்றும் அந்தச் சிறு கைவேலையில்தான் மூலப்பாறை மூலதனமாகிறது. பாறை வேகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். பங்கு விலை வேக ஒரு தலைப்புச் செய்தி போதும்.

அளப்பவர் யார், அறிபவர் யார்?

எண்ணெயின் அரசியலை இந்த நாடு அறியாததன்று. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தின்மூலம் நிறுவப்பட்டது. 1962இல் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதி அரசுடைமையாக்கப்பட்டது. 1963இன் தொடக்கத்தில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. ஒரு சிறு நாடு பெற்றோல் நிலையங்களைத் தன் கைக்கு எடுத்ததற்கே அத்தனை கோபம்! அன்று போராட்டம் தாங்கிகளுக்காகவும் பம்பிகளுக்காகவும் நடந்தது. இன்று போராட்டம் நடக்கவேண்டிய களம் தரவுகளே. அதிர்வலைப் பதிவும் பாறை ஆய்வும் இத்தொழிலில் பண்டங்கள். ஒரு கம்பனி தன் செலவிலே பதிவு செய்து, விரும்பும் மற்றக் கம்பனிகளுக்கு விலைக்கு விற்பது உலக வழக்கம். பாரிஸிலோ ஹூஸ்டனிலோ பணமுள்ள எவரும் வாங்கிப் பார்க்கக்கூடிய மட்டக்களப்புக் கடலின் படத்தை மட்டக்களப்பில் எவரும் பார்க்க வழியில்லையென்றால், அந்தக் கடல் யாருடையது?

'வணிக இரகசியம்' என்று விடை வரும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வணிக இரகசியத்துக்கு விலக்களிக்கிறது. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவலை வெளியிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கரையோரத்து ஆயிரமாயிரம் குடும்பங்களின் பிழைப்பைவிடப் பெரிய பொதுநலன் எது? 'மக்களுக்கு இது விளங்காது' என்று இன்னொரு விடை வரும். மேலே சொன்ன மூன்று வினாக்கள் விளங்காத ஆசிரியர் யாரேனும் இருக்கிறாரா? விளங்காதிருப்பது விஞ்ஞானத்தின் குற்றமன்று. விளங்காத மொழியில் அதைப் பூட்டிவைத்தவர்களின் குற்றம். 1988இன் 16ஆம் திருத்தம் தமிழை வடக்கு கிழக்கின் நிருவாக மொழியாக்கியது. காணிச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் உரிய மொழி கடலடிப் பாறைக்கு உரியதாகாதா?

நம் நண்பர்களுக்கு ஒரு சொல்

'பேச்சே வேண்டாம்' என்னும் நண்பர்களோடு எனக்குள்ள பிணக்கு அவர்களுடைய அச்சத்தைப் பற்றியதன்று. அந்த அச்சம் நியாயமானது. 2020 செப்டெம்பர் 3ஆம் தேதி, சுமார் 2,70,000 தொன் மசகெண்ணெயைச் சுமந்து சென்ற நியூ டயமண்ட் கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியதை நாம் மறக்கவில்லை. மாலுமி ஒருவர் மாண்டார். எண்ணெய்த் தாங்கிகள் உடையாது தப்பியதால் கிழக்குக் கரை தப்பியது. மாரியிலே முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் அத்தகைய எண்ணெய் கரையை அடைந்தால், இறாலுக்கும் நண்டுக்கும் வழிவிடும் அதே வாயிலால் அது வாவிக்குள் புகும். கண்டல் வேர்களிற் படிந்தால் அதைக் கழுவ ஒரு தலைமுறை போதாது. பூமி சூடேறிவரும் காலத்திலே புதிய எண்ணெய்க் கிணறுகள் வேண்டுமா என்ற கேள்வியும் புறக்கணிக்கத் தக்கதன்று. அதிர்வலை அளவீடும் தீங்கற்றதன்று. வெடியோசை கடலுயிர்களைக் கலைக்கும், நீண்ட வடம் செல்லும் பாதையில் வலை போட முடியாது. அந்த நாட்களின் இழப்பை ஈடுசெய்வது கம்பனியின் கடமை. அதை அரசு கருணையாகப் பிச்சையிடக் கூடாது.

இவையெல்லாம் உண்மை. ஆயின் அறியாமை ஒருபோதும் வாவியைக் காத்ததில்லை. அறியாத மக்களிடம் கையெழுத்து வாங்குவதே எளிது. தமிழ்நாட்டின் காவேரிக் கழிமுகத்தைப் பாருங்கள். 2017இல் நெடுவாசல் விவசாயிகள் ஐதரோகாபன் திட்டத்தை எதிர்த்து மாதக்கணக்கில் அமர்ந்தார்கள். எந்தப் படையிலிருந்து எதை எடுப்பார்கள், நிலத்தடி நீருக்கு என்ன நேரும் என்பதை ஊர்ப் பந்தலிலே ஒருவருக்கொருவர் விளக்கிக் கற்றுக்கொண்டார்கள். அத்தகைய போராட்டங்களின் அழுத்தத்திலேதான் 2020இல் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. அவர்களுக்குப் பாறையைப் பற்றிய அறிவு ஆயுதமாயிற்று.

ஆகவே வேண்டுவது என்ன?

கிழக்குக் கடல் குறித்து இதுவரை திரட்டிய அளவீடுகளின் சாரம் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்படவேண்டும். அதில் காபன், கெரோஜென், வெப்பம் ஆகிய மூன்று வினாக்களுக்கும் அளந்த விடை எது, ஊகித்த விடை எது என்று தனித்தனியே குறிக்கப்படவேண்டும். தரவுகளின் பிரதியொன்று வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் கைக்கெட்டுமாறு இருக்கவேண்டும். எந்த உரிமப் பத்திரமும் கையொப்பமாவதற்கு முன், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வாழைச்சேனையிலும் மீனவர் சங்கங்களின் முன்னிலையில் பகிரங்க விசாரணை நடக்கவேண்டும். வாயுவோ எண்ணெயோ என்றேனும் எடுக்கப்படுமாயின் அதன் வருவாயில் இக்கரையின் பங்கு என்ன என்பது முன்கூட்டியே சட்டத்தில் எழுதப்படவேண்டும். புல்மோட்டையின் கனிய மணலைப் பல பத்தாண்டுகளாக மூலப்பொருளாகவே கப்பலேற்றிவிட்டுப் பார்த்துநின்ற கிழக்கு, அதே நாடகத்தை இன்னொருமுறை பார்க்கவேண்டியதில்லை.

அரசு தானாக இவற்றைத் தரும் என்று நான் நம்பவில்லை. அதனால் முதல் வேலை நம்முடையது. விஞ்ஞான ஆசிரியர்கள் ஒருநாள் மாணவர்களைக் கல்லடிப் பாலத்துக்குக் கீழேயோ கண்டற்கரைக்கோ அழைத்துச் செல்லட்டும். பாடும் மீனின் கதையைச் சொல்லிவிட்டுக் கையில் அந்தக் கறுத்த சேற்றை எடுத்துக் காட்டட்டும். இது பாறையாக எத்தனை காலம் வேண்டும், எவ்வளவு வேகவேண்டும், வெந்தாலும் எது பிறக்கும் என்று கணக்குப் போட வைக்கட்டும். மாலையில் அந்த மாணவன் வீடு திரும்பி, "எண்ணெய் வரப்போகுதாமே, தம்பி?" என்று கேட்கும் தகப்பனிடம், "அளந்து பார்த்த தாளைக் காட்டச் சொல்லுங்கோ, அப்பா" என்று விடை சொல்லட்டும். அந்தத் தாளைக் கேட்டு நாட்டின் ஒவ்வொரு மீனவர் சங்கமும் ஒவ்வொரு ஆசிரியர் சங்கமும் இந்த ஆண்டிலேயே எழுதவேண்டும். விடை வரும்வரை மீண்டும் மீண்டும் எழுதவேண்டும்.